பாலிசியில் ஒரு பூஜ்யம்: தங்கவயல் கார்களுக்குக் கிடைக்காமல் போகும் இழப்பீடு

புது தில்லி: மோட்டார் வாகனத் திருத்த மசோதா 2019-ம் ஆண்டு ஜூலை 23-ம் தேதி மக்களவையிலும், 31-ம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறியது. அபராதத் தொகை பல மடங்கு உயர்வது, மாநில அரசுகளின் போக்குவரத்து அதிகாரம் குறைவது ஆகிய இரண்டுமே விவாதத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. அந்த மசோதாவில் 182-ஏ பிரிவு மாற்றி எழுதப்பட்டிருந்தது. சட்டம் அனுமதிக்காத வகையில் தமது வாகனத்தில் மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம் என்று அதன் நான்காவது உட்பிரிவு கூறுகிறது.

அபராதம் ஐயாயிரம்தான். ஆனால் விபத்தில் கார் முற்றிலும் நொறுங்கிய பிறகு, அதே மாற்றத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிட்டால் உரிமையாளருக்கு நேரும் நஷ்டம் ஐந்து லட்சத்தைத் தாண்டலாம். இந்தப் பெரிய தண்டனை நாடாளுமன்றம் இயற்றிய எந்தச் சட்டத்திலும் இல்லை. பாலிசி என்னும் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளிலிருந்தே அது பிறக்கிறது.

பொழுதுபோக்குக்காகக் காரை அலங்கரிக்கும் பெருநகர இளைஞர்களின் கவலை இது என்று ஒதுக்கிவிட முடியாது. கர்நாடகத்தில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் கோலார் தங்கவயலில் கார் என்பது பிழைப்பு. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ம் தேதியுடன் உற்பத்தியை நிறுத்தியது. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, உரிகம், சாம்பியன் ரீஃப் பகுதிகளின் லைன் வீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் அதன் பிறகு பெங்களூருவையே நம்ப வேண்டியதாயிற்று. மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலைப் பிடித்து இரவில் வீடு திரும்புவோர் ஒரு சாரார். கடன் வாங்கி ஒரு காரோ வேனோ எடுத்து ஓட்டிப் பிழைப்போர் இன்னொரு சாரார். தங்கவயல் என்றால் தில்லியில் இன்றும் நினைவுக்கு வருவது மூடிய சுரங்கமே தவிர, சுரங்கத்துக்கு மாற்றாக அந்த ஊர் தேடிக்கொண்ட தொழில்கள் அல்ல.

பெங்களூரு-சென்னை விரைவுச் சாலைத் திட்டத்துக்கு 2022 மே 26-ம் தேதி பிரதமர் நரேந்திர மோடி சென்னையில் அடிக்கல் நாட்டினார். அதன் கர்நாடகப் பகுதி ஹொசகோட்டையிலிருந்து மாலூர், பங்காரப்பேட்டை வழியாகத் தங்கவயலுக்கு அருகே பேத்தமங்கலா வரை வருகிறது. 2024 டிசம்பரிலேயே இப்பகுதியில் வாகனங்கள் ஓடத் தொடங்கின. மணிக்கு 120 கி.மீ. வேகத்துக்கு வடிவமைக்கப்பட்ட சாலை அது. அந்த வேகத்தில் மோதும் கார் பழுது பார்க்கும் நிலையில் மிஞ்சுவது அரிது. காப்பீட்டு மொழியில் "டோட்டல் லாஸ்" எனப்படும் முழு இழப்பு இங்கேதான் வருகிறது.

பூஜ்யம் வரும் கட்டம்

காருக்கான விரிவான பாலிசியின் முதல் பக்கத்தில் ஓர் அட்டவணை இருக்கும். வாகனத்தின் மதிப்பு, மின்சார மற்றும் மின்னணுப் பொருத்தங்கள், மின்சாரம் சாராத பொருத்தங்கள், சி.என்.ஜி. அல்லது எல்.பி.ஜி. கிட், மொத்த மதிப்பு என்று கட்டங்கள் வரிசையாக இருக்கும். பெரும்பாலோரின் பாலிசியில் முதல் கட்டத்திலும் கடைசிக் கட்டத்திலும் ஒரே தொகை இருக்கும். இடையிலுள்ள கட்டங்களில் பூஜ்யம்.

"ஐ.டி.வி." எனப்படும் அறிவிக்கப்பட்ட மதிப்பே முழு இழப்பில் கிடைக்கக்கூடிய உச்சத் தொகை. அது காருக்கு உற்பத்தியாளர் நிர்ணயித்த விற்பனை விலையிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட காருக்கு 5 சதவீதம், ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50 சதவீதம் எனத் தேய்மானம் கழிக்கப்படும். ஐந்து ஆண்டைத் தாண்டிய காருக்கு நிறுவனமும் உரிமையாளரும் பேசி மதிப்பை முடிவு செய்துகொள்ள வேண்டும். உற்பத்தியாளர் விலையில் அடங்காத பொருத்தங்களின் மதிப்பும் இதே முறையில் தனியே நிர்ணயிக்கப்பட வேண்டும் என்று பாலிசி வாசகமே சொல்கிறது. கேட்டால்தான் நிர்ணயிப்பார்கள் என்பதை அது சொல்வதில்லை.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்க்கலாம். தங்கவயல்காரர் ஒருவர் ரூ.8 லட்சம் விலையுள்ள காரை வாங்கி, ரூ.50 ஆயிரத்துக்குத் தொடுதிரையுடன் கூடிய மியூசிக் சிஸ்டமும், ரூ.70 ஆயிரத்துக்கு அலாய் சக்கரங்களும் அகல டயர்களும் பொருத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது ஆண்டில் காரின் ஐ.டி.வி. ரூ.5,60,000. கூடுதல் பொருத்தங்களையும் அறிவித்திருந்தால் அவற்றுக்கு ரூ.84 ஆயிரம் சேர்ந்து, மொத்தம் ரூ.6,44,000 ஆகியிருக்கும். அறிவிக்காத காரணத்தால் அந்த ரூ.84 ஆயிரம் கணக்கிலேயே வராது. மின்னணுப் பொருத்தத்துக்குப் பழைய கட்டண விதிப்படி கூடுதல் பிரீமியம் அதன் மதிப்பில் 4 சதவீதம்; இந்த மியூசிக் சிஸ்டத்துக்கு ஆண்டுக்கு, வரி நீங்கலாக, இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் போகாது.

இதில் கவனிக்கத்தக்க ஒரு முடிச்சும் உண்டு. பழுது பார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கார் முழு இழப்பாகக் கருதப்படும். மேற்கண்ட கணக்கில், அறிவிக்காதவருக்கு அந்த எல்லை ரூ.4,20,000. அறிவித்தவருக்கு ரூ.4,83,000. பழுதுச் செலவு நான்கரை லட்சம் என்று மதிப்பிடப்பட்டால் ஒரே கார் ஒருவருக்கு முழு இழப்பாகவும், மற்றவருக்குப் பட்டறையில் மாதக்கணக்கில் நிற்க வேண்டிய வண்டியாகவும் ஆகிவிடும். பழுது பார்ப்பதில் டயர், பேட்டரி, பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் பிடிப்பார்கள். முழு இழப்பில் அந்தப் பிடித்தம் இல்லை. ஆகவே அறிவித்தவருக்கு எல்லா நேரமும் லாபம் என்றும் சொல்வதற்கில்லை.

இந்தப் பூஜ்யத்துக்கு உரிமையாளரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. பொருத்தங்களில் பாதி ஷோரூமிலேயே மாட்டப்படுகின்றன. காருக்கு ஒரு பில், பொருத்தங்களுக்கு வேறொரு பில். காப்பீட்டையும் அதே ஷோரூமே எடுத்துக் கொடுக்கிறது. அதற்குக் கார் பில் மட்டுமே போகிறது. வாடிக்கையாளரிடம் இரண்டு பில்லுக்கும் பணம் வாங்கிய ஊழியருக்கு, இரண்டாவது பில்லைக் காப்பீட்டு விண்ணப்பத்தில் குறிக்கத் தோன்றுவதில்லை.

கேஸ் கிட்டும் மாற்றிய உடலும்

அலாய் சக்கரம், சீட் கவர் போன்றவை அறிவிக்கப்படவில்லை என்றால் அவற்றின் விலைதான் போகும். எரிபொருள் மாற்றத்தில் சிக்கல் பெரிது. பெட்ரோல் செலவைக் குறைக்க எல்.பி.ஜி. அல்லது சி.என்.ஜி. கிட் பொருத்துவது வாடகை வண்டிக்காரர்களிடையே நெடுங்காலப் பழக்கம். இதைச் சட்டம் தடுக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு 2000-ம் ஆண்டு திருத்தப்பட்டபோது, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று கடுமையாக்கப்பட்டது. அதே திருத்தத்தில் மாற்று எரிபொருள் கிட்டுக்கு மட்டும் விதிவிலக்கு அளிக்கப்பட்டது. 2022 ஆகஸ்டில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பி.எஸ்.6 ரகப் பெட்ரோல் வாகனங்களிலும், 3.5 டன்னுக்குக் குறைவானவற்றில், இத்தகைய கிட் பொருத்த அனுமதித்தது.

நிபந்தனைகள் மூன்று. அங்கீகரிக்கப்பட்ட கிட்டாக இருக்க வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். பாலிசியிலும் பதிய வேண்டும். கடைசி வேலைக்கு ஆகும் செலவு, பழைய கட்டண விதிப்படி, கிட் மதிப்பில் 4 சதவீதமும் மூன்றாம் நபர் பொறுப்புக்கு ரூ.60-ம்தான். இந்த அறுபது ரூபாயை மிச்சம் பிடித்தவரின் கார் தீப்பிடித்து எரிந்தால், தீக்குக் காரணமே அந்தக் கிட்தான் என்று வாதிடுவது நிறுவனத்துக்கு எளிதாகிவிடும். வீட்டுச் சமையல் சிலிண்டரை வேனுக்குள் வைத்து ஓட்டுபவருக்கு எந்த ஆணையமும் கைகொடுக்காது. எல்.பி.ஜி. விநியோக ஒழுங்குமுறை ஆணையின்படி அது குற்றம். உடன் பயணிப்பவர்களின் உயிரையும் அது பணயம் வைக்கிறது.

வண்டியின் உடலையே மாற்றுவது மூன்றாவது ரகம். கூரையை உயர்த்துவது, கூடுதல் இருக்கை வரிசை வைப்பது, சஸ்பென்ஷனை வெட்டித் தாழ்த்துவது போன்றவை இதில் சேரும். இதில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9-ம் தேதி தெளிவான தீர்ப்பளித்தது. கேரளத்திலிருந்து வந்த வழக்கு அது. உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறான மாற்றத்தைப் பதிவு செய்ய முடியாது. மாநில விதிகள் மத்தியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவையே என்று நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் ஆகியோர் கூறினர். அதற்கு முன்பே, 2017 டிசம்பரில், காரின் முன்புறம் மாட்டும் இரும்புக் காப்புக் கம்பிகள் 52-வது பிரிவுக்கு விரோதமானவை என்று மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தது. பாதுகாப்புக்கு என்று வாங்கி மாட்டும் அந்தக் கம்பி, மோதலின்போது ஏர்பேக் உரிய நேரத்தில் விரிவதைத் தடுக்கக்கூடும் என்பதைப் பலர் இன்னும் அறியவில்லை.

நீதிமன்றம் வரைந்த கோடு

மாற்றம் சட்டவிரோதம் என்றால் இழப்பீடு முழுவதும் போய்விடுமா? காப்பீட்டு நிறுவனங்கள் அப்படித்தான் கடிதம் அனுப்புகின்றன. நீதிமன்றங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை.

இதற்கு அடிப்படையான தீர்ப்புகளில் ஒன்று கர்நாடக வழக்கிலேயே வந்தது. சரக்கு வண்டியில் அனுமதிக்கப்பட்ட ஆறு தொழிலாளர்களுக்குப் பதில் ஒன்பது பேர் ஏற்றிச் செல்லப்பட்டனர் என்று காரணம் காட்டி, ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் ஹாசன் கோட்ட அலுவலகம் இழப்பீட்டை மறுத்தது. கூடுதலாக மூவர் ஏறியதால் விபத்து நேரவில்லை. ஒப்பந்தத்தையே முறிக்கும் அளவுக்கு அது அடிப்படை மீறல் ஆகாது என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் கூறி, இழப்பீடு வழங்கச் செய்தது. சொந்த உபயோகத்துக்கான வண்டியை வாடகைக்கு ஓட்டிய வழக்குகள் 2008-லும் 2010-லும் வந்தன. முழுத் தொகையை மறுப்பதற்குப் பதிலாக 75 சதவீதம் வரை வழங்கும் "நான்-ஸ்டாண்டர்டு" தீர்வு முறையை உச்ச நீதிமன்றம் அவற்றில் ஏற்றது. அந்த முறை நீதிமன்றம் கண்டுபிடித்தது அல்ல. நிறுவனங்களின் சொந்த வழிகாட்டிக் குறிப்புகளிலேயே இருந்தது. வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதும்போது மட்டும் அது மறந்துபோயிருந்தது. நிபந்தனை மீறலை நிரூபித்தால் போதாது, அந்த மீறலே விபத்துக்குக் காரணம் என்பதையும் நிறுவனம் நிரூபிக்க வேண்டும் என்று 2016-ல் மற்றொரு தீர்ப்பு வந்தது.

இவை எவையும் மியூசிக் சிஸ்டம், சக்கரம் பற்றிய வழக்குகள் அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அவை வகுத்த அளவுகோல் இங்கும் பொருந்தக்கூடியதே. எதிரே வந்த லாரி மோதி நொறுங்கிய காரில் அறிவிக்கப்படாத தொடுதிரை இருந்தது என்பதற்காகக் காரின் இழப்பீட்டையே மறுப்பது இந்த அளவுகோலில் நிற்காது. தாழ்த்தி வெட்டிய சஸ்பென்ஷனுடன் விரைவுச் சாலையில் கவிழ்ந்த காரின் கதை வேறு. அங்கே மீறலுக்கும் விபத்துக்கும் தொடர்பு காட்டுவது நிறுவனத்துக்குக் கடினமாக இராது.

வெள்ளைப் பலகைக் காரைத் திருமணத்துக்கும் விமான நிலையத்துக்கும் வாடகைக்கு ஓட்டுபவருக்கு இரட்டை ஆபத்து. பொருத்தங்கள் பாலிசியில் இல்லை. உபயோகமும் பாலிசிக்கு மாறானது. அவருக்கு 75 சதவீதம் கிடைத்தாலே பெரிது. அதுவும் பொருத்தங்கள் நீங்கலான மதிப்பில் 75 சதவீதம். மேலே கண்ட காரில் அது ரூ.4,20,000. அந்தத் தொகையும் முதலில் கடன் கொடுத்த வங்கிக்கோ நிதி நிறுவனத்துக்கோ செல்லும். கார்க் கடன் அடைந்து மிச்சமிருந்தால் உரிமையாளருக்கு வரும். அலாய் சக்கரத்துக்காக மனைவியின் நகையை அடகு வைத்திருந்தால், தங்கம் தோண்டிய ஊரில் அந்தத் தங்கத்தை மீட்பது அவர் பாடு.

நொறுங்கிய காரின் எஞ்சிய பாகங்களும் பூசலுக்கு இடமாகின்றன. முழுத் தொகை கொடுக்கும் நிறுவனம் சிதைந்த காரைத் தானே எடுத்துக்கொள்ளும். அல்லது காயலான் கடை மதிப்பைக் கழித்துக்கொண்டு உரிமையாளரிடமே விட்டுவிடும். அறிவிக்கப்படாத பொருத்தங்களுக்கு ஒரு பைசாவும் தராத நிறுவனம், அவற்றைக் காருடன் சேர்த்து எடுத்துச் செல்வதில் நியாயம் இல்லை. சேதமடையாதவற்றைக் கழற்றிக்கொள்வதாக முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவித்து, காரை ஒப்படைக்கும் முன் எடுத்துக்கொள்வது உரிமையாளருக்கு நல்லது.

இந்த நிபந்தனை வாசகங்கள் எந்த அவையிலும் விவாதிக்கப்பட்டு வந்தவை அல்ல. கட்டண ஆலோசனைக் குழு வகுத்து, 2002 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் கட்டண விதிகளில் இருந்தவை. சொந்த சேதத்துக்கான பிரீமியம் 2007-ல் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டது. பிரீமியம் மாறியது, வாசகம் பெரும்பாலும் அப்படியே நின்றது. மூன்றாம் நபர் இழப்பீடு நாடாளுமன்றத்தில் பலமுறை பேசப்பட்டிருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.5 லட்சம், படுகாயத்துக்கு ரூ.2.5 லட்சம் என்று 2019 சட்டம் வகுத்ததும் அந்தக் கவனத்தால்தான். உரிமையாளரின் சொந்த இழப்புக்கு அத்தகைய கவனம் கிட்டியதில்லை. காப்பீட்டு விண்ணப்பத்தில் "கூடுதல் பொருத்தம் உண்டா?" என்று முகவர் கேட்டு, பதிலைக் கையெழுத்துடன் பெற வேண்டும் என்று ஒரு விதி இருந்தால் பாதி வழக்குகள் எழாது. இதைச் செய்ய மசோதாகூடத் தேவையில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையத்தின் ஒரு சுற்றறிக்கை போதும்.

அந்த ஆணையம் 2024 ஜூனில் வெளியிட்ட சுற்றறிக்கை, ஆவணம் இல்லை என்ற காரணத்துக்காக இழப்பீட்டை நிராகரிக்கக் கூடாது என்று பொதுக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. நிறுவனம் நியமிக்கும் சர்வேயரின் மதிப்பீடே இறுதி வார்த்தை ஆகாது என்று 2009-லேயே உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது.

பழைய கார் வாங்குவோருக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை. முந்தைய உரிமையாளர் பொருத்திய கிட்டும் சக்கரங்களும் காருடன் வரும். அவர் எடுத்த பாலிசி தானாக வராது. மூன்றாம் நபர் பொறுப்பு மட்டுமே புதியவருக்கு மாறும். சொந்த சேதத்துக்கான காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதே விண்ணப்பத்துடன் பொருத்தங்களையும் பதியச் சொல்லலாம். பில் இல்லாவிட்டால் மதிப்பைப் பேசி முடிவு செய்து எழுத்தில் பெற வேண்டும்.

நிறுவனம் மறுத்துவிட்டால் முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்து மூலம் முறையிட வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி தரவில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் பெங்களூருவில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளரை அணுகலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனத்தின் அலுவலகம் எங்கே இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். தங்கவயல்காரர்களுக்கு அது கோலாரில் உள்ள மாவட்ட ஆணையம். சாலை வழியே ஏறத்தாழ 30 கிலோமீட்டர்.